லேட்டரல் என்ட்ரியில் வருகிறவர்களுக்கு என் கல்லூரி எப்படி? ஐந்துக்கு மூன்று

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு நேராக பி.இ. இரண்டாம் வருடத்தில் சேர்ந்தேன். மூன்று வருடம் படித்து இந்த மே மாதம் வெளியே வந்தேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் தனியார் கல்லூரி, பெயர் போடவில்லை. கட்டடம், கேன்டீன், பஸ் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இந்த வருடம் கவுன்சிலிங் போகும் டிப்ளமோ தம்பி தங்கைகளுக்கு வேறொன்று தெரிய வேண்டும்: நடுவில் வந்து சேர்கிறவளை இந்த இடம் எப்படிச் சேர்த்துக்கொள்கிறது?

முதல் நாள் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. நாங்கள் ஏழு பேர் போனபோது மூன்றாம் செமஸ்டர் தொடங்கி ஐந்து வாரம் ஆகிவிட்டது, முதல் இன்டர்னல் தேர்வும் முடிந்திருந்தது. "செகண்ட் மெக் பி, மூணாவது மாடி" என்று ஆபீஸில் சொன்னதோடு சரி. வருகைப் பதிவேட்டில் எங்கள் பெயர் கடைசியில் பென்சிலில் இருந்தது. பதிவெண் வந்த பிறகும் எல்லாருக்கும் 1, 2 என்று போக, எங்களுக்கு மட்டும் 301-இலிருந்து தொடங்கும். சில ஆசிரியர்கள் பெயரே சொல்ல மாட்டார்கள், "லேட்டரல் எல்லாம் வந்தாச்சா?" என்பார்கள். அது எனக்கு ரொம்ப நாள் வலித்தது.

கணக்குதான் பெரிய பயம். டிப்ளமோவில் கணக்கு முதல் வருடத்தோடு முடிந்துவிடும். இரண்டு வருடம் இன்டக்ரேஷன் பக்கமே போகாதவளை ஃபூரியர் தொடரின் நடுவில் கொண்டுபோய் உட்காரவைத்தால் என்ன புரியும்? நமக்கு சிஜிபிஏ, அதாவது எல்லா செமஸ்டரும் சேர்ந்த சராசரி, மூன்றாம் செமஸ்டரிலிருந்துதான் கணக்காகும், ஆறே செமஸ்டர். அங்கே சறுக்கினால் கடைசிவரை இழுக்கும். அந்த நேரத்தில் எங்கள் கணக்கு சார், யாரும் கேட்காமலே, திங்களும் புதனும் நாலேகாலுக்கு எங்கள் ஏழு பேருக்கும் தனி வகுப்பு எடுத்தார். முதல் நாள் போர்டில் சைன் எக்ஸின் இன்டக்ரேஷன் என்ன என்பதிலிருந்து தொடங்கினார். அந்தப் பேப்பரில் ஏழு பேரும் பாஸ். நான் கொடுக்கும் மூன்று மார்க்கில் இரண்டு அவருக்கு.

மீதி ஒன்று லேத் லேபுக்கு. பக்கத்து மெஷினில் ஒரு பெண் ஃபேசிங், அதாவது சுழலும் ராடின் முனையைச் சீவிச் சமமாக்கும் வேலை, செய்துகொண்டிருந்தாள். எத்தனை முறை ஓட்டினாலும் ராடின் நடுவில் மொட்டு மாதிரி ஒரு புள்ளி நின்றது. டூல் நுனி சென்டருக்குக் கீழே இருக்கிறது என்று பார்த்ததும் தெரிந்தது. டூலுக்கு அடியில் ஒரு மெல்லிய தகடு வைத்து உயர்த்திக் கொடுத்தேன். அடுத்த முறை ஓட்டியதும் மொட்டு போய்விட்டது. "எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டாள். பாலிடெக்னிக் என்றேன். அடுத்த வாரமே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எங்கள் ஏழு பேரையும் சேர்த்துவிட்டாள். அதுவரை தேர்வு அறிவிப்பெல்லாம் எங்களுக்கு யார் வாயாவது வழியாகத்தான் வரும்.

ஹாஸ்டல் பரவாயில்லை.

பிளேஸ்மென்ட்தான் எனக்கு ஆறாத குறை. கல்லூரியின் பதிவுப் படிவத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் கட்டாயம். பத்தாவது முடித்து டிப்ளமோ போனவளுக்குப் பன்னிரண்டாவது ஏது? கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் போகாது. வந்த கம்பெனி டிப்ளமோவையும் ஏற்கும் என்று தெளிவாகவே போட்டிருந்தது. படிவத்தைத் திருத்தச் சொல்லி மூன்று நாள் அலைந்தேன். அதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. வருடா வருடம் எங்களைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிக்கு அந்த ஒரு கட்டம் கண்ணில் படவில்லை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அப்புறம் திருத்தினார்கள், அது என் ஜூனியர்களுக்கு உதவும்.

கல்லூரியில் சேர ரிப்போர்ட்டிங் போகும் அன்றே துறைத் தலைவரிடம் கேளுங்கள்: லேட்டரலுக்குத் தனியாகக் கணக்கு வகுப்பு உண்டா, விட்டுப்போன முதல் இன்டர்னலுக்கு என்ன செய்வீர்கள்? எங்கள் சாருடைய வகுப்பு இப்போதும் திங்கள், புதன் நடக்கிறதாம். டிப்ளமோ முதல் வருடக் கணக்கு நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், கையோடு எடுத்துப் போங்கள்.