வன்னியின் குளத்துக்கும் கடலுக்கும் ஒரே தூண்டில்: நீண்டநாள் பாவனை அனுபவம்

கடைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது தடியைத்தான். கையில் எடுத்து வளைத்து, காற்றில் ஒரு வீசு வீசிப் பார்த்து, அதன்பிறகுதான் மற்றதெல்லாம். பரந்தனில் தூண்டில் சாமான் கடை நடத்தும் நான் சொல்வது இதற்கு நேர்மாறு: காசை முதலில் நூலிலும் முள்ளிலும் போடுங்கள், அடுத்தது ரீல், மிஞ்சியதில் தடி. பல வருசமாக நானே பாவிக்கும் ஒரு செற்றை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். ஏழடிக் கண்ணாடியிழைத் தடி, 4000 அளவு ரீல், 0.35 மில்லிமீற்றர் தங்கூசி, அதாவது ஒற்றை இழை நைலோன் நூல். விலையில் நடுத்தரம்.

பரந்தனில் இருப்பதால் இரண்டு தண்ணீரிலும் அதைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. தெற்கே போனால் இரணைமடுக் குளம். கிழக்கே முல்லைத்தீவு றோட்டால் போனால் வட்டுவாகல் பாலம், ஒரு பக்கம் நந்திக்கடல் களப்பு, மறுபக்கம் பெருங்கடல். குளத்தில் பாவிக்கும் சாமானுக்கு எதிரி பட்டமரம். கடலில் உப்பும் மணலும்.

ரீலில் முதலில் பழுதாவது நூல் திரும்பும் இடத்தில் இருக்கும் சின்ன உருளை. கடற்கரையில் நின்றுவிட்டு அப்படியே கொண்டுவந்து சாத்தி வைத்தால், அந்த உருளையைச் சுற்றி வெள்ளை மாவாக உப்பு படியும். அடுத்த தரம் சுற்றும்போது கீச்சென்று ஒரு சத்தம். கனபேர் அதைப் பொருட்படுத்துவதில்லை. உருளை சுழலாமல் நின்றுவிட்டால் நூல் ஒரே இடத்தில் உரசிக்கொண்டே போகும், புது நூலும் விரைவில் சொரசொரத்துவிடும். பிறகு நூல் சரியில்லை என்று என்னிடம் வருவார்கள்.

என் ரீல் இன்றும் சத்தமில்லாமல் சுற்றுவதற்குக் காரணம் பெரிய பராமரிப்பு ஒன்றுமில்லை. கடலால் வந்தவுடன் பிரேக்கை, அதாவது மீன் பலமாக இழுக்கும்போது நூலை நழுவவிடும் பகுதியை, நன்றாக இறுக்கிவிடுவேன். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் வளையங்களுக்குத் தண்ணீர் போய்விடும். நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, நிழலில் காயவிட்டு, உருளையில் ஒரு துளி தையல் மெசின் எண்ணெய். கடைசியில் பிரேக்கை முழுதாகத் தளர்த்தி வைக்க வேண்டும், வளையங்கள் நசுங்கிக் கிடக்கக்கூடாது. குழாயால் பீய்ச்சி அடிப்பவர்கள் உப்பைக் கழுவவில்லை, உள்ளே அனுப்புகிறார்கள்.

பிரேக்கைக் கையால் இழுத்துப் பார்த்து வைப்பதைவிட ஒரு தொங்கு தராசை நூலில் கொளுவி வைப்பது நல்லது. 8 கிலோ தாங்கும் நூலுக்கு 2 கிலோவில், கூடினால் 2.5 கிலோவில் நழுவத் தொடங்க வேண்டும். முடிச்சுப் போட்ட இடத்தில் நூலின் பலம் குறைகிறது, மீனும் ஒரே சீராக இழுப்பதில்லை. அந்த இடைவெளிதான் பெரிய மீனைக் கரைக்குக் கொண்டுவருகிறது.

தடியைப் பற்றிச் சுருக்கமாக. கார்பன் தடி பாரமில்லாதது, நுனியில் தட்டுவது கைக்கு உடனே தெரியும், எனக்கும் பிடிக்கும். ஆனால் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிறவல் றோட்டால் போகிறவருக்குக் கண்ணாடியிழைதான் சரி, அடிபட்டாலும் தாங்கும். இன்னொன்று, கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஐப்பசியில் பின்னேரம் இடி முழங்கினால் தடி எதுவானாலும் கீழே வைத்துவிட்டுக் குளக்கட்டால் இறங்கிவிடுங்கள். வெட்டவெளியில் நீட்டிப் பிடித்த கார்பன் தடி இன்னும் ஆபத்து.

இனி நூல். "அண்ணை, பின்னல் நூல் அறாதாமே?" என்று இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். நேராக இழுத்தால் அதே தடிப்பிலான தங்கூசியைவிடப் பலமடங்கு தாங்கும், உண்மைதான். ஆனால் குளத்தின் அலைகரைப் பக்கம் தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரங்களில் உரசினால் தங்கூசியைவிட வேகமாக அறும். இழுபடும் தன்மையும் அதற்கு இல்லை, மீன் கடைசி உதறு உதறும்போது முள் கழன்றுவிடும். தாமரை, பாசி மண்டிய இடத்தில் ரப்பர் தவளை போட்டு விரால் பிடிப்பவருக்கு மட்டும் பின்னல் நூலை நானே எடுத்துக் கொடுப்பேன், அங்கே கொடியை அறுத்துக்கொண்டு வர அதுதான் வேண்டும். மற்றவர்களுக்குத் தங்கூசி. முடிச்சை எச்சில் தொட்டு நனைத்து மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்தபடி இழுத்தால் சூடேறி அந்த இடத்திலேயே நூல் பழுதாகும். வெயிலும் நைலோனைத் தின்னும். அதனால் கடையில் நூல் சுருள்களைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்காமல் லாச்சிக்குள் வைத்திருக்கிறேன்.

மாரியில் முகத்துவாரம் வெட்டிப் பாயும் நாட்களில் வட்டுவாகலிலும் நாயாற்றிலும் கொடுவாய் மீனுக்கு நிற்பவர்கள் முள்ளுக்கு மேலே ஒரு முழம் தடித்த நூல் கட்ட வேண்டும். கொடுவாயின் செவுள் மூடி பிளேட் மாதிரி. மீனை இழுக்கும்போது நூல் அதில் பட்டால் போதும், முடிந்தது.

முள்ளில் நான் நம்புவது நோர்வேயின் முஸ்டாட். 1832இல் தொடங்கிய நிறுவனம், 1877இல் முள் செய்யத் தொடங்கினார்கள். பக்கற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள், போலியும் வருகிறது. முள்ளின் நுனியைப் பெருவிரல் நகத்தில் சாய்த்து வைத்து இழுங்கள். வழுக்கினால் மொட்டை, கொளுவிக்கொண்டு நின்றால் கூர். கடையில் யார் கேட்டாலும் பிரித்துச் சோதிக்க விடுகிறேன்.

இவ்வளவு ரீலைப் பற்றி எழுதினாலும், எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது ரீல் இல்லாத காலத்தில். அப்பு மூங்கில் தடியில் நூல் கட்டி, மயிலிறகின் தண்டை வெட்டி மிதப்பாகப் போடுவார். குளத்துத் துருசுக்கு (மதகுக்கு) அருகில் குந்தியிருந்து அந்த வெள்ளைத் தண்டையே பார்த்துக்கொண்டிருப்போம். திலாப்பியா என்றால் முதலில் நடுங்கும், நிற்கும், திரும்ப நடுங்கும், பிறகு சாய்ந்து பக்கவாட்டில் நகரும். நகரும்போதுதான் தடியை உயர்த்த வேண்டும். எந்த விலை ரீலும் அந்தப் பார்வையைத் தராது. அதனால் பிள்ளைகளுக்கு வாங்க வருகிறவர்களிடம், முதல் வருசம் தடியும் மிதப்பும் போதும் என்று சொல்லி அனுப்புகிறேன். கடைக்கு வருமானம் குறைவுதான், ஆனால் அந்தப் பிள்ளைகள் மீன்பிடியை விடுவதில்லை.

ஒரு வேண்டுகோளும் உண்டு. நீர்மட்டத்தில் சிவப்பாக ஒரு குஞ்சுக் கூட்டம் கொதிப்பதுபோலத் தெரிந்தால், அதன் கீழே தாய் தகப்பன் விரால் காவல் நிற்கிறது. அந்த நேரம் எதைப் போட்டாலும் பாய்ந்து கவ்வும். அதைப் பிடித்தால் குஞ்சு முழுவதையும் மற்ற மீன் தின்றுவிடும். தயவுசெய்து விட்டுவிடுங்கள். அறுந்த நூலையும் கரையில் போடாதீர்கள். நைலோன் உக்காது, சுண்டிக்குளத்துக்கு வரும் பறவைகளின் காலில் சுற்றிவிடும். 1938இல் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவான இடம் அது. கடை வாசலில் பழைய நூலுக்கு ஒரு வாளி வைத்திருக்கிறேன், கொண்டுவந்து போடுங்கள்.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 தாண்டியபோது புது ரீல் வாங்க யாராலும் முடியவில்லை. அந்த வருசம்தான் திருத்த வேலை கடையின் பெரிய வேலையானது. பழைய ரீல்களைக் கழற்றி, நல்ல உதிரிகளைப் பிரித்து டப்பாக்களில் போட்டு வைத்தேன், இன்றும் அதிலிருந்து எடுக்கிறேன். ஆகவே புது ரீல் வாங்கினால் பெட்டிக்குள் இருக்கும் உதிரிப் படத்தாளை எறிந்துவிடாதீர்கள். பழுதானால் அந்தத் தாளையும் கொண்டு வாருங்கள். எந்த இலக்கப் பாகம் என்று தெரிந்தால் டப்பாவில் தேடலாம், இல்லையென்றால் கொழும்புக்குச் சொல்லி எடுப்பிக்கலாம்.