வல்லாரையா, நீர்ப்பிரம்மியா?

சிங்கப்பூரில் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) நெருங்கினால், ஞாபகசக்திக்கு என்று தேக்கா சந்தையில் வல்லாரைக் கட்டுக்கு மவுசு வந்துவிடும். மருந்துக்கடையிலோ ‘பிரம்மி’ மாத்திரை. எதை வாங்குவது?

முதலில் பெயர்க் குழப்பம். வட இந்தியாவில் வல்லாரையையும் பிரம்மி என்பார்கள். டப்பாவில் ‘பக்கோபா மொன்னியேரி’ என்று இருந்தால்தான் நீர்ப்பிரம்மி. ‘சென்டெல்லா ஏசியாட்டிகா’ என்றால் வல்லாரை, மலாய்க்காரர்களின் பெகாகா.

செலவு: வல்லாரை ஓரிரு வெள்ளியில் (சிங்கப்பூர் டாலரில்) முடிந்துவிடும். மாத்திரையை மாதக்கணக்கில் வாங்கவேண்டும், கையைக் கடிக்கும்.

சான்று: இங்கே நீர்ப்பிரம்மி ஒரு படி மேல். பல ஆய்வுகளில் தினம் 300 மில்லிகிராம் சாரம், 12 வாரம். படித்ததை நினைவுகூர்வதில் ஓரளவு முன்னேற்றம், அதுவும் பெரும்பாலும் பெரியவர்களிடம். பரீட்சைக்கு முந்தின வாரம் விழுங்கினால் வீண்தான். வல்லாரைக்குச் சான்று இன்னும் மெலிது.

வயிறு: நீர்ப்பிரம்மி சிலருக்குக் குமட்டும். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு எம்ஆர்டி ரயிலில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!

ருசி: போட்டியே இல்லை, வல்லாரைத் துவையல்தான். உளுத்தம்பருப்பு சிவந்ததும் மிளகாய், புளி, பிறகு ஒரு கை வல்லாரை. இலை சுருண்டதும் இறக்கி, தேங்காயோடு கொரகொரப்பாக அரைத்தால் கசப்பு தெரியாது.

பிள்ளைகளுக்குத் துவையலே போதும், மாத்திரை தரமாட்டேன். மூன்று மாதம் பொறுமையாக முயன்று பார்க்க நினைக்கும் பெரியவர்களுக்கு நீர்ப்பிரம்மி. தைராய்டு மாத்திரை போடுபவர் என்றால் பாலிகிளினிக்கில் (அரசு மருந்தகத்தில்) மருத்துவரைக் கேட்டுவிட்டு அப்புறம் வாங்குங்கள்.