வீட்டுக் கண்காட்சியா, சுங்கை பூலோவா?

புது வீட்டுச் சாவி கைக்கு வந்ததும், வீட்டுக்கு வேண்டியதை வாங்கக் கோலாலம்பூர்க்காரர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, கேஎல்சிசி மாநாட்டு மையத்திலோ மிட் வேலியிலோ நடக்கும் வீட்டு அலங்காரக் கண்காட்சி. இன்னொன்று, நகருக்கு அருகே உள்ள சுங்கை பூலோவின் செடி நர்சரிகள்.

சமையலறை அலமாரி, சோபா, ஏர்கான் என்றால் கண்காட்சிதான். இழுப்பறையை இழுத்துப் பார்க்கலாம், பல கடைகளின் விலையை ஒரே மதியத்தில் கேட்டுவிடலாம். ஆனால் அலமாரிக்கு அடிக்கணக்கில்தான் விலை சொல்வார்கள். பேக்கேஜில் எத்தனை அடி, பலகை பிளைவுட்டா சிப்போர்டா, மேடைக்கல்லும் கீலும் சேர்த்தியா என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். "இன்னிக்கு மட்டும்தான் இந்த விலை, அண்ணே" என்றால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்கு நகருங்கள். முன்பணம் கட்டினால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தகராறு என்று வந்தால், பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும்.

செடிக்கு மட்டும் கண்காட்சி வேண்டாம். குளிரூட்டிய மண்டபத்தில் தளதளவென்று நிற்கும் செடி, உங்கள் பால்கனி வெயிலைத் தாங்குமா? 1930இல் திறந்த தொழுநோயாளர் குடியிருப்பையொட்டி வளர்ந்தவை சுங்கை பூலோ நர்சரிகள். காகிதப்பூ, ஆர்கிட், கறிவேப்பிலை, தொட்டி, மண் எல்லாம் வரிசையாகக் கிடைக்கும். பேரமும் பேசலாம். அப்புறம், காரில் போங்கள். பெரிய தொட்டியை ரயிலில் தூக்கி வர முடியாது.