திருச்சியில் விமானம் விட்டு இறங்கிய பின்

சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வருவோர் திருச்சி விமான நிலையத்தைப் பற்றிக் குறை சொல்ல இப்போது அதிகம் இல்லை. 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையத்தில் எனக்குக் குடிநுழைவுச் சோதனையும் சுங்கமும் விரைவாகவே முடிந்தன. பழைய முனையத்தில் நள்ளிரவில் நெருக்கியடித்து நின்றவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். சிக்கல் வாசலுக்கு வெளியே தொடங்குகிறது. புதுக்கோட்டைச் சாலையில் பேருந்துகளுக்குக் குறைவில்லை என்றாலும், பெட்டிகளை இழுத்துக்கொண்டு அந்தச் சாலை வரை நடப்பது வயதானவர்களுக்கு ஆகாத காரியம் என்பதால், பெரும்பாலோர் டாக்சியையே பிடிக்கிறார்கள்.

மதுரைக்குப் போக வேண்டியிருந்ததால், 2025 ஜூலையில் செயல்படத் தொடங்கிய பஞ்சப்பூர் ஒருங்கிணைந்த பேருந்து முனையத்தையும் பார்க்க முடிந்தது. விசாலமான, வெளிச்சமான இடம். ஆனால், முன்பெல்லாம் ஜங்ஷனில் ரயில் விட்டு இறங்கியவர் மத்தியப் பேருந்து நிலையத்துக்கு நடந்தே போய் மதுரைப் பேருந்தில் ஏறிவிடுவார். இன்று அவர் நகரப் பேருந்து ஒன்றைப் பிடித்து மதுரை நெடுஞ்சாலையில் ஊரின் விளிம்பு வரை போயாக வேண்டும். நகருக்குள் நெரிசல் குறைவதற்காகச் செய்த மாற்றம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ரயிலுக்கும் பேருந்துக்கும் இடையே இருந்த அந்தத் தொடர்பு அறுந்தது சிறிய இழப்பன்று.

நகரப் பேருந்தைப் பொறுத்தவரை என் அம்மாவின் தீர்ப்பு வேறு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் கட்டணமில்லை என்பதால், ஸ்ரீரங்கம் போவதற்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்கிறார். சத்திரம் பேருந்து நிலையம் வழியாகப் போகும் ஒன்றாம் எண் பேருந்தில் அவருடன் சென்றேன். காவிரிப் பாலத்தை நெருங்கும் முன்பே இருக்கைகள் நிரம்பிவிட்டன. நடத்துநர் கூட்டத்துக்குள் புகுந்து, அம்மாவுக்குக் கட்டணமில்லாச் சீட்டையும் எனக்குக் காசுச் சீட்டையும் கிழித்துக் கொடுத்துவிட்டுப் படிக்கட்டில் தொங்கிய மாணவர்களை உள்ளே வரச் சொல்லி அதட்டினார். (அவர்கள் வரவில்லை.)

இதே பாதையில் வருவோருக்கு ஒன்று சொல்வேன். மதுரைப் பக்கம் போகிறவர்கள் நகருக்குள் நுழையாமல் விமான நிலையத்திலிருந்து நேரே பஞ்சப்பூர் போய்விடலாம். சென்னைக்கு என்றால் ஜங்ஷன்தான் வசதி; இரவில் மலைக்கோட்டை விரைவு ரயில் இருக்கிறது, முன்பதிவை மட்டும் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள்.