காட்பாடியில் ஒன்று, பாலவாக்கத்தில் ஒன்று: கண்ணாடி ரூம் போட்டு ஏழு வருஷம்

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கண்ணாடி ரூம். போட்டவர் கொடுத்த பில்லில் 'சிட்-அவுட் க்ளோசிங்' என்று இருந்தது. தம்பி வீட்டில் ஸ்டைலாக 'சன்ரூம்' என்பார்கள். எல்லாம் ஒன்றுதான், திறந்து கிடந்த இடத்தை அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் வைத்து அடைப்பது. வேலூர் காட்பாடி காந்தி நகரில் எங்கள் வீட்டு முன்பக்கத்தை 2018 தை மாதம் அடைத்தோம். அதைப் பார்த்து ஆசைப்பட்ட தம்பி, சென்னை பாலவாக்கத்தில் கடலிலிருந்து 400 மீட்டர்கூட இல்லாத தன் வீட்டு இரண்டாம் மாடி பால்கனியை 2019 மாசியில் அடைத்தான். இரண்டையும் செய்தவர் ராணிப்பேட்டைக்காரர் ஒருவரே. அதே சட்டம், அதே கண்ணாடி, அதே ஸ்க்ரூ. ஒரே துணியில் தைத்த இரண்டு சட்டையில் ஒன்றை வெயிலிலும் ஒன்றை உப்புத் தண்ணீரிலும் போட்டு வைத்த மாதிரி ஆகிவிட்டது.

முதலில் எங்கள் ஊர்க் கதை. தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடி அந்த முதல் வரியைப் பொய்யாக்கியது. வெயிலைப் பற்றிச் சொல்வதை மட்டும் எந்த வருஷமும் பொய்யாக்க முடியவில்லை. இது தெரிந்தும், மேற்குப் பார்த்த வீட்டில், பதினாலுக்கு ஒன்பது அடி இடத்தைக் கண்ணாடியால் அடைத்தோம். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவள் நான். வெளிச்சம் கண்ணாடி வழியாக உள்ளே வரும், தரையும் நாற்காலியும் சூடாகி விடுகிற வெப்பம் அதே கண்ணாடியைத் தாண்டி வெளியே போகாது என்று எத்தனை பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டியிருப்பேன்! சொந்த வீடு என்று வந்ததும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அடைத்ததற்குக் காரணம் இருந்தது. ஆடிக் காற்றில் புழுதி, சாயங்காலம் ஆனால் கொசு, அதற்கு மேல் குரங்கு. அம்மாவுக்கு வாசலில் உட்காராவிட்டால் பொழுது போகாது. மூன்று டிராக் வைத்த ஸ்லைடிங், மூன்றாவது டிராக்கில் கொசுவலை, மேலே வெளிச்சம் விடும் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட் ஷீட். எல்லாம் சேர்த்து அப்போது 1,92,000 ரூபாய். "லைஃப் லாங் வரும் டீச்சர், ஒண்ணியும் ஆவாது" என்றார் ராணிப்பேட்டைக்காரர்.

அந்த வருஷக் கத்திரியில், மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே மாட்டிய தெர்மாமீட்டர் 47 காட்டியது. காலை பத்து மணிக்கு மேல், விளக்கு வைக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை, அம்மாவின் வடாம் தட்டு தவிர. வடாம் ஒரே நாளில் மொறமொறவென்று காய்ந்தது. காக்காயும் இல்லை, தூசியும் இல்லை. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வற்றலும் அப்படித்தான். வடாம் காய வைக்க இரண்டு லட்சத்தில் ரூம் கட்டிய ஒரே குடும்பம் நாங்கள்தான் என்று என் வீட்டுக்காரர் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சூட்டைக் குறைக்க நாங்கள் செய்த முதல் வேலை தப்பு. கண்ணாடியின் உள்பக்கம் கறுப்பு சன் ஃபிலிம் ஒட்டினோம். எங்கள் கண்ணாடி 5 மில்லிமீட்டர் சாதாக் கண்ணாடி. ஃபிலிம் வெயிலை உறிஞ்சிக்கொண்டு கண்ணாடியையே சூடாக்கும். வெயில் படும் நடுப்பகுதி விரிகிறது, சட்டத்துக்குள் நிழலில் இருக்கும் ஓரம் விரியவில்லை. சித்திரையில் ஒரு நாள், யாரும் தொடாமலே 'டப்' என்று ஓரத்திலிருந்து ஒரு கீறல் ஓடியது. அம்மா கண் திருஷ்டி என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. மாற்றும்போது மேற்குப் பக்கம் முழுக்க டஃபன்ட் கண்ணாடி போட்டோம், அது இந்த மாதிரிச் சூட்டுக்குத் தாங்கும். ஆனால் அதைச் சூளையில் பதப்படுத்திய பிறகு வெட்டவோ ஓட்டை போடவோ முடியாது. அளவெடுத்ததில் அரை இஞ்ச் பிசகிய ஒரு கண்ணாடி இன்னும் எங்கள் மாடிப்படி அடியில் சும்மா சாய்ந்து கிடக்கிறது.

கூரை தனிக் கதை. பாலிகார்பனேட் ஷீட்டில் வெயிலைத் தாங்கும் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும், அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். மேலே ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளில் அச்சடித்தே இருக்கும். பையன்கள் தாளை முதலிலேயே உரித்துவிட்டு மாட்டினால் எது மேல், எது கீழ் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டில் நாலு ஷீட்டில் ஒன்று தலைகீழ். இரண்டு வருஷத்தில் அது மட்டும் பழைய நியூஸ்பேப்பர் மாதிரி மஞ்சளாகி நொறுங்கியது. மற்ற மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. மழை பெய்தால் டிவி சத்தம் கேட்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

2020-ல் கூரையை மொத்தமாகக் கழற்றி 50 மில்லிமீட்டர் பஃப் ஷீட் போட்டோம், நடுவில் சூட்டைத் தடுக்கும் நுரை வைத்த தகடு அது. வெளிச்சத்துக்கு வடக்கு ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் விட்டோம். கூரையை ஒட்டி இரண்டு பக்கமும் திறந்து மூடுகிற மாதிரி லூவர், அதாவது சாய்ந்த பட்டைகள், வைத்தோம், சூடான காற்று மேலே ஏறி வெளியே போய்விடும். மேற்கில் மூங்கில் தட்டி. அதைக் கண்ணாடிக்கு வெளியே கட்டியதில்தான் விஷயமே இருக்கிறது. உள்ளே திரை போட்டால் வெயில் ஏற்கனவே வீட்டுக்குள் வந்துவிட்டது, திரை சூடாகி அந்தச் சூட்டை நமக்கே தருகிறது. இப்போது கத்திரியிலும் மத்தியானம் 38, 39 தான். இருந்தாலும் உட்கார முடியாது, காலில் செருப்பில்லாமல் கடக்கலாம், அவ்வளவுதான். கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் அதைவிட நல்ல இடம் இந்த வீட்டில் இல்லை. மார்கழிக் காலையில் அம்மா காபி டம்ளரோடு அங்கேதான் இருப்பார்கள். வருஷத்தில் நாலு மாதம் முழுசாக, நாலு மாதம் காலையும் மாலையும், மீதி நாலு மாதம் வடாம். எங்கள் கணக்கு இது.

இனி பாலவாக்கம். அங்கே வெயில் பிரச்சினையே இல்லை, கிழக்குப் பார்த்த பால்கனி. காலை ஒன்பதரைக்கெல்லாம் வெயில் மேலே போய்விடும். பிரச்சினை காற்றில் இருந்தது.

எட்டாவது மாதம் தம்பி ஒரு போட்டோ அனுப்பினான். வெள்ளைச் சட்டத்தில் ஒவ்வொரு ஸ்க்ரூவின் அடியிலும் பழுப்பாக ஒரு கோடு, அழுதவள் கண்ணில் மை கரைந்த மாதிரி. கில்ட் பூசிய சாதா இரும்பு ஸ்க்ரூ. அதே டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டவை காட்பாடியில் இன்றைக்கும் பளபளவென்று இருக்கின்றன. இரண்டாவது வருஷம் ஸ்லைடிங் கதவின் ரோலரில் பேரிங் இறுகிப்போனது. கதவைத் தள்ள இரண்டு ஆள் வேண்டும். பூட்டில் சாவி சுற்றவில்லை. சட்டத்தை நாற்பத்தைந்து டிகிரியில் வெட்டிச் சேர்க்கிற மூலைகளில் பவுடர் கோட்டிங் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. வெட்டிய முனையில் பூச்சு இருக்காது, உப்பு அங்கேதான் உள்ளே நுழைகிறது.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு. மழையில் நனைகிற வெளிப்பக்கம் பரவாயில்லை. சன்ஷேடுக்கு அடியில், மழைத்துளி படாத மேல்பக்கச் சட்டம்தான் அதிகம் அரித்திருந்தது. யோசித்தால் புரிகிறது. மழை உப்பைக் கழுவிவிடுகிறது, நனையாத இடத்தில் உப்பு படிந்து படிந்து இரவு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர்கள் நல்ல தண்ணீரால் முதலில் கழுவ வேண்டியது நனையாத இடங்களைத்தான். தம்பி இப்போது பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஹோஸ் பிடித்து அடிக்கிறான்.

2022-ல் எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகப் போட்டார்கள். முதல் தடவை 1,40,000 ஆனது, இரண்டாம் தடவை 2,60,000. இந்த முறை அலுமினியத்துக்குப் பதில் வெள்ளை யுபிவிசி, கெட்டியான பிளாஸ்டிக் சட்டம். அதற்கு உப்பால் ஒன்றும் ஆகாது. ஆனால் உள்ளே பலத்துக்கு ஒரு இரும்புக் குழாய் ஓடுகிறது. அது துத்தநாகம் பூசியதா, வெட்டிய முனைக்குப் பெயின்ட் அடித்தார்களா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மாட்டிய பிறகு எதையும் பார்க்க முடியாது. மர நிறம், கறுப்பு நிறம் எல்லாம் அழகுதான். வெயிலில் அதிகம் சூடாகி அதிகம் விரியும், வேலூரில் அதை நான் போட மாட்டேன்.

ஸ்க்ரூ வாங்கப் போனபோது கடைக்காரர் காந்தத்தை ஒட்டிக் காட்டி, "ஒட்டலை பாருங்க, ஒரிஜினல் எஸ்எஸ்" என்றார். எஸ்எஸ் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 304, 316 என்பவை அதன் ரகங்கள். சாதாவாக விற்கும் 304-ம் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது, கடலோரத்துக்கு வேண்டிய 316-ம் ஒட்டாது. காந்தம் இரண்டையும் பிரித்துச் சொல்லாது. 316-ல் மாலிப்டினம் சேர்ந்திருக்கும், உப்புக்குத் தாங்குவது அதனால்தான். தரமான போல்ட்டின் தலையிலேயே பொறித்திருப்பார்கள்: ஏ2 என்றால் 304 வகை, ஏ4 என்றால் 316 வகை. தம்பி வீட்டு மாடிக் கைப்பிடி 304. துருப்பிடித்து ஓட்டை விழவில்லை, டீ சிந்திய மாதிரிப் பழுப்புக் கறை மட்டும் வரும், தேய்த்தால் போகும், மறுபடி வரும். அலுமினியத்தில் எஸ்எஸ் ஸ்க்ரூ போட்டால் நடுவில் நைலான் வாஷர் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். இதுவும் நான் எட்டாம் வகுப்பில் நடத்திய பாடம்தான், பேட்டரி என்ற பெயரில். ஸ்க்ரூவில் கூடுதலாக ஆன செலவு மொத்தமாக நாலாயிரம் ரூபாய்கூட இல்லை. கண்ணாடியின் பிராண்டைப் பற்றி ஒரு மாதம் பேசினோம், ஸ்க்ரூவைப் பற்றி முதல் தடவை ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை.

காற்று வேகம் இன்னொன்று. ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பகுதி சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர் என்று அடிப்படைக் காற்று வேகம் வைக்கிறது, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் கரை கடந்தபோது பக்கத்துத் தெரு மாடிகளிலிருந்து ஷீட் பறந்ததைத் தம்பி பார்த்திருக்கிறான். அதனால் இரண்டாம் தடவை ஆங்கர் போல்ட் பூச்சில் நிற்காமல் கான்கிரீட்டுக்குள் இறங்கும்வரை விடவில்லை. கண்ணாடியும் லேமினேட்டட். உடைந்தாலும் நடுவில் இருக்கும் தாள் பிடித்துக்கொள்ளும், தெருவில் போகிறவர் தலையில் கொட்டாது.

இத்தனையும் செய்து 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தது. சட்டம் அசையவில்லை, கண்ணாடி அசையவில்லை. ஆனால் ஹாலுக்குள் தண்ணீர். கீழ் டிராக்கில் மழைநீர் வடிய வெளிப்பக்கம் சின்ன ஓட்டைகள் இருக்கும். உப்பும் தூசியும் சேர்ந்து அவற்றைச் சிமெண்ட் மாதிரி அடைத்திருந்தன. பக்கவாட்டில் அடித்த மழை டிராக் நிரம்பி உள்ளே வழிந்தது. தம்பி பெண்டாட்டி ராத்திரி முழுக்க வீட்டிலிருந்த துண்டையெல்லாம் போட்டுப் பிழிந்திருக்கிறாள். இப்போது ஐப்பசிக்கு முன்னால் தென்னங்குச்சியால் ஓட்டை குத்துவது அவர்கள் வீட்டில் தீபாவளி வேலைகளில் ஒன்று.

அவளுக்கு இன்னொரு குறையும் உண்டு. "கடல் காத்து வருதுன்னுதானே அண்ணி இவ்ளோ காசு குடுத்து இங்க வாங்கினோம், அதையும் கண்ணாடி போட்டு மூடிட்டார் உங்க தம்பி." நியாயம். மத்தியானக் கடல்காற்று வருகிற நேரம் பார்த்து எல்லாக் கதவையும் ஒரு ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஸ்லைடிங்கில் பாதிதான் திறக்கும். மடக்கித் திறக்கும் கதவு போட்டிருந்தால் முழுசும் திறந்திருக்கும், பணம் இன்னும் கொஞ்சம் ஆகியிருக்கும். அபார்ட்மென்டில் இருப்பவர்கள் அசோசியேஷனைக் கேட்காமல் பால்கனியை அடைக்காதீர்கள். தனி வீட்டிலும் பக்கவாட்டுக் காலி இடத்தில் கூரை இறக்கும் முன்னால் பிளான் போட்டவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

டிராக்குக்கு எண்ணெய் வேண்டாம், சிலிக்கான் ஸ்ப்ரே போதும். எண்ணெய் விட்டால் எங்கள் ஊர்ப் புழுதி அதோடு சேர்ந்து களிம்பாகிவிடும். இதை அம்மாவிடம் ஏழு வருஷமாகச் சொல்கிறேன். போன வாரமும் கதவு கிறீச்சிட்டதென்று தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள்.

பாலவாக்கத்தில் இந்த வருஷம் கண்ணாடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் பீடிங் மாற்ற வேண்டும், காய்ந்து சுருங்கத் தொடங்கிவிட்டது. இங்கே மூங்கில் தட்டி இரண்டு வெயிலுக்கு மேல் தாங்குவதில்லை, பங்குனிக்குள் புதுசு கட்டியாக வேண்டும். ராணிப்பேட்டைக்காரருக்குப் போன் பண்ணினேன். "டீச்சர், கடலோர வேலைன்னா இப்பல்லாம் ஏ4 மட்டும்தான் போடுறேன், தனி டப்பாவே வெச்சிகீறேன்" என்றார். தட்டிக்கு அளவெடுக்க ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.