களிமண்ணா, துணியா, ஏற்காடா: வாண்டுகளோடு ஒரு கைவேலை நாள்

சேலத்தில் தோழிகள் நாலைந்து பேர் பிள்ளைகளோடு கூடி, ஒரு ஞாயிறு முழுக்கக் கைவேலை செய்யலாம் என்று முடிவானதும் வாட்ஸ்அப் குழுவில் மூன்று யோசனைகள் வந்து விழும். மொட்டை மாடியில் களிமண். கூடத்தில் பாய் விரித்துத் துணி ஒட்டுவது. மூன்றாவது, "பேசாம ஏற்காட்டுக்கே போயிடலாமே!" மூன்றையும் எங்கள் கூட்டத்தில் செய்து பார்த்திருக்கிறோம். நான் இவற்றை அளக்கும் அளவுகோல் ஒன்றுதான்: பெரியவர்கள் எவ்வளவு நேரம் உட்கார முடிந்தது? நூல் பின்னுகிற குரோஷே ஊசியைப் பையில் எடுத்து வந்துவிட்டு ஒரு வரிசைகூடப் போடாமல், நாள் முழுக்கக் கத்தரிக்கோலும் பசையுமாக ஓடினால் அது சம்பளமில்லாத பால்வாடி வேலை.

இந்தக் கணக்கில் களிமண்ணை மிஞ்ச ஆள் இல்லை. இரண்டு வயதுக் குட்டிக்கும் ஆறு வயதுப் பையனுக்கும் ஆளுக்கு ஓர் உருண்டை கொடுத்தால் போதும். கருவி வேண்டாம், மாதிரிப் படம் வேண்டாம், பிடிக்கவில்லை என்றால் உருட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். "ஆன்ட்டி, என் யானை உட்காரவே மாட்டேங்குது" என்று புகார் வந்தால், "காலைத் தடியாக்குடா தங்கம்" என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம். கையில் இருக்கும் நூலைக் கீழே வைக்க வேண்டியதில்லை.

மண்பாண்டம் செய்பவர்களிடம் கேட்டால் பிசைந்த மண்ணாகவே கிடைக்கும். தும்பிக்கை, காது, வால் இவைதான் தகராறு. மண் காயும்போது சுருங்கும். சும்மா அழுத்தி வைத்தது அப்போது கழன்றுவிடும். ஒட்டுகிற இரண்டு பக்கத்தையும் ஈர்க்குச்சியால் கீறி, தண்ணீர் விட்டுக் குழைத்த சேற்றைத் தடவி அழுத்தினால் நிற்கும். இதை ஒருமுறை காட்டிவிட்டால் ஐந்து வயதுக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள்.

சேலத்து வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று மாடியிலேயே விட்டுவிடாதீர்கள். மேலே காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் அப்படியே இருக்க, நடுவில் வெடிப்பு விழும். மாடிப்படி நிழலில் இரண்டு மூன்று நாள் கிடக்கட்டும். களிமண்ணின் பெரிய குறையும் அதுதான்: செய்ததை அன்றே கையோடு கொண்டுபோக முடியாது, வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு அழுகை உண்டு. இன்னொன்று, கையையும் தட்டையும் சிங்க்கில் கழுவினால் மறுநாள் பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான். ஒரு வாளியில் கழுவி, மண் அடியில் படிந்ததும் தெளிந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள்.

பிள்ளையார் பிடித்தால் கண்ணுக்குக் குன்றிமணி வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. சின்னக் குழந்தைகள் இருக்கும் இடத்தில் அதை எடுக்கவே எடுக்காதீர்கள். கடித்து உடைத்துவிட்டால் உள்ளே இருப்பது உயிரையே எடுக்கும் விஷம். ஈர்க்குச்சியால் ஒரு குத்து குத்தினாலே கண் வந்துவிடும்.

அடுத்தது துணி. அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை என்று சுற்றிலும் தறி ஓடுகிற ஊரில், தையல்கடையில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் வெட்டுத்துணி ஒரு மூட்டை சேர்ந்துவிடும். பசையும் உள்ளூர்ச் சரக்குதான். ஜவ்வரிசி செய்கிற அதே மரவள்ளி மாவு. பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கிளறினால் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போல் ஆகும்; இறக்கி ஆறவிட்டால் பசை. குழந்தை ஒரு விரலை நக்கிவிட்டாலும் பதற வேண்டாம். தறிப் பாவுக்குப் போடும் கஞ்சிக்கும் இந்த மாவு போகிறது, அதனால் பருத்தித் துணியை நன்றாகவே பிடிக்கும். வழவழப்பான சேலைத் துண்டுகள்தான் உரிந்துவிடும். புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். நாம் சேர்க்கவே கூடாது, அது நஞ்சு. அன்றைக்குக் காய்ச்சியதை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

பார்க்க அழகு என்றால் துணிதான். அட்டையில் ஒட்டிய மீனும் மாம்பழமும் சுவரில் மாட்டும்படி இருக்கும், அன்று மாலையே எடுத்தும் போகலாம். ஆனால் உட்காரும் கணக்கில் அடி வாங்குகிறது. குழந்தைகளுக்கென்று விற்கும் முனை மழுங்கிய கத்தரிக்கோல் காகிதத்தைத்தான் வெட்டும், துணியை மெல்லும். ஆகவே வெட்டுகிற வேலை முழுக்க நம் தலையில். முந்தின இரவே வட்டம், முக்கோணம், பட்டை என்று ஒரு தட்டு நிறைய வெட்டி வைக்கிற வீடாக இருந்தால் தாராளமாகத் துணிக்குப் போங்கள். "வந்து வெட்டிக்கலாம்" என்கிற கூட்டமாக இருந்தால் வேண்டாம். பொத்தான், மணி, சலங்கை எல்லாம் மூன்று வயதுக்குக் கீழே இருப்பவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும், வாயில் போட்டுக்கொள்வார்கள்.

காசு கட்டிப் போகும் பட்டறைகளும் உண்டு. சொல்லித்தர ஆள் இருப்பார்கள், தரை அவர்கள் தரை. ஆனால் வகுப்பு நேரத்துக்கு முடிந்துவிடும், பேச்சுதான் பாதியில் நிற்கும்.

சரி, ஏற்காடு. சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. காலையில் வயிறு நிறைய இட்லி சாப்பிட்ட குழந்தை எத்தனையாவது வளைவில் வாந்தி எடுக்கும் என்பது அதன் அம்மாவுக்குத்தான் தெரியும். சுமார் 1,500 மீட்டர் உயரம். மூடுபனி இறங்கிவிட்டால் காகிதம் நமுத்துப்போகும், பசை காயாது, களிமண்ணைப் பற்றிப் பேசவே வேண்டாம். கீழே செய்கிற எதையும் மேலே கொண்டுபோய்ச் செய்வதில் அர்த்தமில்லை.

அங்கேயே கிடைப்பதை வைத்துச் செய்யும் வேலை ஒன்று உண்டு. காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்த்து, மிளகுக் கொடி ஏற்றிவிட்டிருக்கும் சில்வர் ஓக் மரத்தின் இலை. மேல்பக்கம் பச்சை, திருப்பினால் வெள்ளி. பெரணி மாதிரி கிளை கிளையாகப் பிரிந்திருக்கும். கீழே விழுந்த, சருகாகாத இலையை வெள்ளிப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, மேலே மெல்லிய தாளைப் போட்டு, கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நரம்பு நரம்பாக எழும்பி வரும். நாலு வயதுக்கு மேல் யாரும் செய்வார்கள், அரை மணி நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் குரங்கு வரும். தின்பண்டப் பையை ஒருவர் மடியில் வைத்துக் காவல் காக்க வேண்டும், அந்த ஒருவருக்குக் குரோஷே கிடையாது. மே மாதக் கோடை விழா சமயத்தில் ஏரிப் பக்கம் உட்கார இடம் தேடுவதே ஒரு வேலை.

ஆகவே ஏற்காடு, பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த இரண்டு குடும்பத்துக்கு, விடுமுறைக் கூட்டம் இல்லாத நாளில். நாலு வீட்டு வாண்டுகள் என்றால் மொட்டை மாடியில் பந்தல் துணி கட்டிக் களிமண். மழைக்காலத்தில் மண் காயாது, அப்போது துணி. எங்கானாலும் மாலையில், இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவலும் சட்னியும் வைத்துத் தரும் நம்ம ஊர் தட்டுவடை செட் வாங்கி வந்துவிடுங்கள். பீட்ரூட், கேரட் துருவலையும் சட்னியையும் தனித்தனியாகக் கட்டித் தரச் சொன்னால் அடுக்குகிற வேலையையும் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். நாம் இன்னொரு வரிசை போடலாம்.