மவுன்ட் வெர்னான் போனால் முதலில் பண்ணைக்குப் போங்கள்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில், முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுன்ட் வெர்னானுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மாளிகை வரிசையில்தான் நிற்கிறார்கள். நாங்கள் நேரே இறங்கிப் போடோமக் ஆற்றோரத்துப் பண்ணைக்குப் போய்விட்டோம், அரை நாள் அங்கேயே ஓடிவிட்டது.

அங்கே 16 பக்கங்கள் கொண்ட கதிரடிக் கொட்டகை ஒன்று இருக்கிறது, 1790களில் அவர் கட்டியதைப் போலவே திரும்பக் கட்டியது. மேல்தளத்தில் கோதுமைத் தாளைப் பரப்பிக் குதிரைகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறார்கள், களத்தில் மாட்டைப் பூட்டிப் பிணையல் ஓட்டுவோமே, அதேதான். பலகை இடுக்குகள் வழியாக மணி கீழ்த்தளத்தில் உதிர்கிறது. மழைக்கும் பயமில்லை, மண்ணும் கலக்காது.

ஆனால் அவர் தொடங்கியது புகையிலையில். மூன்று நான்கு வருஷத்தில் மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும் பயிர் அது, அப்புறம் அந்த நிலத்தைப் பல வருஷம் தரிசாகப் போட்டுவிட்டுப் புது நிலம் தேட வேண்டும். வர்ஜீனியாவில் பண்ணைகள் பெருத்ததற்கு இது ஒரு பெரிய காரணம். கடல் தாண்டி ஆள் ஒருவரைக் கூட்டிவந்தால் 50 ஏக்கர் என்று, பிரிட்டிஷ் காலனியாக இருந்த வர்ஜீனியா முன்பு கொடுத்ததால், பணம் உள்ளவனிடமே நிலமும் சேர்ந்தது. 1754-இல் வாஷிங்டன் கைக்கு வந்தபோது 2,000 ஏக்கர் சொச்சம், 1799-இல் அவர் இறக்கும்போது சுமார் 8,000. நடுவில், 1760களில், புகையிலையை விட்டுக் கோதுமைக்கு மாறியிருந்தார்.

அந்தக் காலத்தில் மற்ற காலனிகளில் பண்ணை வேறு மாதிரி. வடக்கே மாசசூசெட்ஸ் பக்கம் போனவர்கள் காட்டுக்குள் ஓடும் கல் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். வயலில் பொறுக்கிய கல்தான் அது. குட்டையான கோடை, கல் மண், குடும்பமே உழுது சமாளிக்கும் அளவு நிலம், மக்காச்சோளம், மாடு, அவ்வளவுதான். பென்சில்வேனியாவில் மண் நல்லது, 100, 150 ஏக்கரில் கோதுமை போட்டுக் கப்பலேற்றினார்கள். தென் கரோலினாவின் சதுப்பில் நெல், அதற்கு உழைப்பு மட்டுமல்ல, நெல் பயிரிடும் அறிவும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கர்களிடமிருந்து கிடைத்தது.

கொட்டகைக்கு அருகில் மரக்கட்டைகளை அடுக்கி, இடுக்கில் மண் அப்பிய ஒற்றை அறைக் குடிசை இருக்கிறது, கட்டாயம் உள்ளே போங்கள். 8,000 ஏக்கரும் எப்படி நடந்தது என்பது அங்கே நிற்கும்போதுதான் உறைக்கும். 1799-இல் இங்கே 317 அடிமைகள். எனக்கு அதற்கப்புறம் மாளிகையில் மனம் ஒட்டவே இல்லை.

மாவு மில் தனியாக மூன்று மைல் தள்ளி இருக்கிறது, கார் வேண்டும். கதிரடிப்பு எந்த நாளில் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது வாஷிங்டன் கல்லறைக்குப் பக்கத்தில் அடிமைகளைப் புதைத்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், எந்தக் குழிக்கும் பெயர் கிடையாது.